சித்திரக்கதையும் நம் பிள்ளைகளும்



நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில், 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வரையக் கற்பித்து வருகிறேன். “தமிழ் வகுப்பில் படம் எதற்கு?” என்று அன்பர் சிலர் வினவினர். அதற்கு விடை கூறவே இங்கு நிற்கிறேன்.

இக்கலை நமக்குப் புதிதன்று. 1906-இல் தோன்றிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப் படங்களை வெளியிட்டார். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. பாடநூலுக்குள் அதனை மறைத்துப் படித்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கிறீர்கள்!

நாம் வாழும் இத்தில்லியில் சரத் சர்மா என்னும் ஓவியர் ‘வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஓவியம் பயிலாத எளிய மக்களும் தம் கதையை நான்கே கட்டங்களில் வரைந்து சுவரில் ஒட்டலாம் என்று அது காட்டியது. அம்முறையையே நானும் மேற்கொண்டேன். முதற் கட்டத்தில் ஆளும் இடமும், இரண்டாவதில் சிக்கல், மூன்றாவதில் திருப்பம், நான்காவதில் முடிவு. பேச்சை முதலில் எழுதிவிட்டு, அதனைச் சுற்றியே குமிழ் வரைதல் வேண்டும். முதலில் பேசுபவர் இடப்புறம் நிற்றல் வேண்டும்.

குமிழோ சிறியது; அதனுள் ஏட்டுத் தமிழ் அடங்காது. ஆகவே, எழுத்துக் கூட்டவே தயங்கிய பிள்ளைகள், “இதைப் பாட்டி எப்படிச் சொல்லுவாள்?” என்று ஊருக்குத் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினர்.

இனி, என் மகள் வரைந்த கதையைக் கூறுகிறேன். முதற் கட்டத்தில் தந்தை தமிழ் வகுப்பு நடத்துகிறார். இரண்டாவதில், வீட்டில் மகள் தமிழில் ஏதோ கேட்கிறாள். மூன்றாவதில் தந்தை, “முதலில் கணக்கைப் போடு” என்று ஆங்கிலத்தில் அதட்டுகிறார். நான்காவதில் அவள் பாட்டியோடு தொலைபேசியில் பேசுகிறாள். தந்தை செய்தித்தாளுக்குப் பின்னே மறைந்திருக்கிறார்.

அதனைச் சுவரில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிரவு உறக்கமும் வரவில்லை. ‘கண்டதை வரையுங்கள்’ என்று கற்பித்தவன் நானல்லவா? மறுவாரம் அதனை என் கையாலேயே ஒட்டினேன்.

பெற்றோர்களே! மண்டபத்தின் வாயிற்சுவரில் பிள்ளைகளின் படங்கள் உள்ளன. கை கோணல், கால் கோணல் என்று நகைக்காதீர்கள். குமிழ்களைப் படியுங்கள். அவற்றுள் உங்கள் குரலும் இருக்கலாம். வீட்டிற்குச் சென்றதும் அவர்களுக்குத் தமிழில் விடை கூறுங்கள்.