‘பேச்சிலருக்கு வீடு இல்லை’யாம்! படிக்க வந்த பிள்ளை எங்கே போவான்?

(சென்னையில் நடந்த மாணவர் அணி கலந்துரையாடலில் நம் கட்சியின் மாணவர் அணிப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



வழக்கமா இந்த மேடையில நாம பேசுற பெரிய விஷயங்களை இன்னைக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன். ஒரு டு-லெட் போர்டைப் பத்திப் பேசப் போறேன்.

கிராமத்துல இருந்து ஒரு பிள்ளைக்கு சென்னைக் கல்லூரியில இடம் கிடைக்குது. ஊரே பாராட்டுது. சால்வை போடுறோம், போட்டோ எடுத்துப் பதிவும் போடுறோம். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை சென்னைக்கு வந்து இறங்கின ராத்திரி எங்கே படுத்தான்னு நம்மில் யாராவது கேட்டிருக்கோமா? விடுதியில இடம் இல்லை. தெரிஞ்ச அண்ணன் ரூம்ல ஏற்கெனவே ஆறு பேர். அடுத்த நாள் காலையில இருந்து தெருத்தெருவா வீடு தேடுற படலம் ஆரம்பிக்குது.

கணக்கைப் பாருங்க. 12,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு, நாலு பேர் சேர்ந்து எடுக்கிறாங்கன்னு வைங்க. சென்னையில பத்து மாச அட்வான்ஸ்ங்கறது எழுதப்படாத சட்டம். அது 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, முதல் மாச வாடகை, ரெண்டும் சேர்த்து 24,000. மொத்தம் 1,44,000 ரூபாய். தலைக்கு 36,000! அரசுக் கல்லூரியில அந்தப் பிள்ளை வருஷத்துக்குக் கட்டுற கட்டணத்தைவிட இது பல மடங்கு. இந்தப் பணம் எங்கேயிருந்து வருது? அம்மா கழுத்துல இருந்து வருது, தோழர்களே. அடகுக்கடை வழியா வருது.

காலி பண்ணும்போது? பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகை கழிச்சுக்கிறேன், குழாய் ஒழுகுது, சுவர்ல ஆணி அடிச்சிருக்கீங்க... இப்படியே கழிச்சு மிச்சத்தை ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்’னு சொல்லுவாங்க. பரீட்சை முடிஞ்சு ஊருக்குப் போன பையன் அந்தப் பணத்துக்காக எத்தனை தடவை ரயிலேறி வருவான்?

மின்சாரம் இன்னொரு கதை. வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு அரசு கொடுக்குது. ஆனா பல வீட்டுல தனி மீட்டர் கிடையாது, சப்-மீட்டர்தான். முதல் யூனிட்ல இருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய்னு வசூல். அரசு கொடுத்த சலுகை மாடிப்படி ஏறாம கீழ்வீட்டோடயே நின்னுடுது.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்து, முன்பணத்தைத் திருப்பித் தரணும். முன்கூட்டிச் சொல்லாம உரிமையாளர் உள்ளே நுழையக் கூடாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேத்தக் கூடாது. எல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கு.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாதுன்னும் இருக்கு. ஆனா அதே வரியில ஒரு ஓட்டை: ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் ஒழிய’. வேறு விதமா எழுதுறது யாரு? பேனா யார் கையில இருக்கு? பதினெட்டு வயசுப் பையன் ‘மூணு மாசம்தான் தருவேன்’னு சொன்னா, அடுத்த நிமிஷம் கதவு சாத்தப்படும். அந்த ஓட்டையை அடைக்கணும். மாணவர்களுக்காவது மூன்று மாத வரம்பைக் கட்டாயமாக்கணும். அப்போ நான் சொன்ன அதே வீட்டுக்கு அட்வான்ஸ் தலைக்கு 9,000 ரூபாயா குறையும். இதை நம் அணியின் கோரிக்கையாகத் தலைமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதுவரைக்கும் சொன்னது பணம். இனிமே சொல்றது பணம் இல்லை.

நான் படிக்க வந்தப்போ சைதாப்பேட்டையில வீடு தேடினேன். கூட ரெண்டு நண்பர்கள். ஒரு பெரியவர் நல்லாத்தான் பேசினார், காபிகூடக் கொடுத்தார். அப்பா என்ன பண்றார், எந்த ஊருன்னு கேட்டார். சொன்னோம். அடுத்து கேட்டார், ‘ஊர்ல எந்தத் தெரு தம்பி?’

தமிழ்நாட்டுல ‘எந்தத் தெரு’ன்னு கேட்டா என்ன அர்த்தம்னு இங்கே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. மூணு பேர்ல ஒருத்தன் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். சாயங்காலம் போன் வந்துச்சு, ‘வீட்டை ஃபேமிலிக்கே விடலாம்னு இருக்கோம்’. அந்த நண்பன் அதுக்கப்புறம் எங்களோட வீடு பார்க்க வரவே இல்லை. ‘நான் வந்தா உங்களுக்கும் கிடைக்காதுடா’ன்னான். இன்னைக்கு வரைக்கும் அந்த வார்த்தைக்கு என்கிட்ட பதில் இல்லை.

இது புதுசும் இல்லை. 1917-ல் அமெரிக்காவில் படிச்சு முடிச்சுட்டு பரோடா சமஸ்தானத்துல வேலைக்குச் சேரப் போனார் அண்ணல் அம்பேத்கர். தங்க இடம் கிடைக்கலை. பார்சி விடுதியில பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடியோட வந்து நின்னாங்க. நண்பர்கள்கிட்ட கேட்டார், அங்கேயும் இடம் இல்லை. பொதுப் பூங்காவுல உட்கார்ந்திருந்துட்டு ராத்திரி ரயிலேறி பம்பாய் திரும்பினார். உலகப் பட்டம் வாங்கினவருக்கே அந்த நிலைமை.

இன்னைக்குத் தடி இல்லை, அவ்வளவுதான். ‘வெஜிடேரியன் மட்டும்’னு போர்டு இருக்கு. பேரைக் கேட்டதும் இஸ்லாமியத் தம்பிக்கு ‘வீடு போயிடுச்சுப்பா’ன்னு பதில் வருது. 1955-ஆம் ஆண்டு குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், வீடு வாடகைக்குத் தர மறுப்பதையும் ‘புறக்கணிப்பு’ங்கற சொல்லுக்குள்ள வச்சிருக்கு. ஆனா எவரும் சாதியைச் சொல்லி மறுக்கிறதில்லையே! ‘ஃபேமிலிக்குத்தான்’ங்கற ஒரு சொல்லை எந்த நீதிமன்றத்துல நிரூபிக்கிறது?

தங்கைகளுக்கு ஒரு தகவல். பெண்கள் விடுதி நடத்த, 2014-ல் வந்த சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்கணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. கேட்கிறதுல தப்பே இல்லை.

கல்லூரியை இடம் மாத்தும்போதும் இதை யோசிக்கிறதில்லை. 2018-ல் சென்னை பாரிமுனையில் இருந்த சட்டக் கல்லூரியை பட்டரைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாத்தினாங்க. வகுப்பறை கட்டினா போதுமா, மாணவன் தங்க வேண்டாமா?

இப்போ கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தப் பதிவைப் படிக்கிற உங்கள்ல வீட்டு உரிமையாளர்கள் நிறையப் பேர் இருக்கீங்க. நம் கொடி பறக்கிற வீட்டு வாசல்லயே ‘பேச்சிலர்களுக்கு இல்லை’ போர்டை நான் பார்த்திருக்கேன். மேடையில சமத்துவம், கேட்ல போர்டு! உங்க பயம் புரியுது: சத்தம் போடுவாங்க, வாடகை நிக்கும். நாலு கல்லூரிப் பசங்க இருந்தா சத்தம் வரத்தான் செய்யும். பொறுப்பாளரா நம் பகுதித் தோழர் ஒருத்தர் இடையில நிப்பார். பிரச்சினைன்னா அவரைக் கூப்பிடுங்க, பையன் ஊரையும் தெருவையும் கேட்காதீங்க.

சேர்க்கை முடிஞ்சு வகுப்பு தொடங்குறதுக்குள்ள ஒவ்வொரு மாவட்ட அணியும் ஒரு பட்டியல் தயார் பண்ணப் போகுது. மூணு மாச அட்வான்ஸ், எழுத்துல ஒப்பந்தம், மின்வாரியக் கட்டணப்படியே மின்சாரம். இதுக்குச் சம்மதிக்கிற வீடுகள் மட்டும்தான் அதுல வரும். உங்க மாடி போர்ஷன் காலியா இருக்கா? இன்னைக்கே உங்கள் பகுதி மாணவர் அணி அமைப்பாளரிடம் சொல்லுங்க. முதல் பெயரா எங்க வீட்டுப் பின்கட்டு அறையை எழுதிட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை, இன்னைக்கு ராத்திரி சொல்லணும்.



#மாணவருக்கும்_வீடு #மூன்று_மாத_முன்பணம்