பூட்டனைக் கூப்பிடும் திருநாள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஆற்றிய உரை)



இந்த ஆண்டு நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேரித் தீவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கு வாழும் மா மெரி மக்களின் ஹரி மோயாங் திருநாளைக் காண்பதற்காக. அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்படி தலைமையாசிரியர் பணித்திருக்கிறார். பத்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். கூடினால் மணி அடிப்பார், அவர் அடிக்கக் கூடியவர்தான்.

பயணத்தைப் பற்றிச் சொல்லும் முன் அனுமதிக் கடிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் அனுப்பியவை 60 கடிதங்கள். கையெழுத்தோடு திரும்பியவை 44. மற்ற வீடுகளுக்குப் பஸ் காசுதான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு இரண்டு மூன்று தாய்மார்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். "ஏன் டீச்சர், மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிட்டுப் போங்க, மலாக்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க, நாங்க வேணாங்கலையே. அந்தச் சாக்காய்க்காரங்க இடத்துக்கா பிள்ளைங்கள அனுப்பறது? சாப்பாட்டுல ஏதாச்சும் செஞ்சு வெச்சிட்டா?" என்றார்கள். பிள்ளை மேல் உள்ள பாசம்தான் அப்படிப் பேச வைத்தது. ஆனால் அந்தச் சொல் இருக்கிறதே, அதைப் பற்றி இன்று பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சாக்காய் என்பது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. அது அடிமை, ஏவலாள் என்ற பொருளில் மற்றவர்கள் வைத்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இந்த நாட்டின் காட்டோரங்களில் ஆள் பிடிக்கும் கூட்டங்கள் திரிந்தன. பெரியவர்களைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிச் சென்று விற்ற காலம் அது. அந்தக் காலத்து வடு இன்னும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1960களில் அரசாங்கமே ஒராங் அஸ்லி, அதாவது முதற்குடி மக்கள், என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் பள்ளித் திடலில் பந்தைத் தவறவிட்ட பையனை இன்னொரு பையன் "டேய் சாக்காய்" என்று இன்றைக்கும் திட்டுகிறான். அவன் காட்டில் போய்க் கற்றுக்கொண்டு வரவில்லை. வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறான். நம்மை ஒருவன் தெருவில் "கெலிங்" என்று கூப்பிட்டால் நமக்கு எப்படி இருக்கிறது? அதற்காக வேலையிடத்தில் சண்டைக்கு நின்றவர்கள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

பஸ் ஏறும்போதே ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் தொடங்கிவிட்டான். "டீச்சர், மலை எப்ப வரும்?" முதற்குடி மக்கள் என்றால் மலையில்தான் இருப்பார்கள் என்பது அவன் கணக்கு. அவன் நினைப்பு முழுக்கத் தவறென்று சொல்ல முடியாது. பேராக், கிளந்தான் மலைகளில் தெமியார் மக்கள் இருக்கிறார்கள். கேமரன் மலைப் பக்கம் செமாய் மக்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் மூங்கிலைத் தட்டிப் பாடி ஆடும் செவாங் ஆட்டம் அவர்களுடையது. தீபகற்பத்தில் 18 பிரிவினர் இருப்பதாக அரசாங்கக் கணக்கு. ஆனால் மா மெரி கடலோர மக்கள். கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு சூழ்ந்த சதுப்புத் தீவுதான் அவர்கள் இருப்பிடம். நம் செராஸிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அவர்கள் பேசுவது மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கம்போடியாவின் கெமர் மொழிக்கும் பர்மாவின் மோன் மொழிக்கும் அது தூரத்து உறவு.

பாலத்தைத் தாண்டியதும் பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். எங்கு பார்த்தாலும் செம்பனை. எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். குலை ஏற்றிய லாரி, வரிசை வீடுகள், முக்கில் ஒரு சிறு கோயில். நம் மக்கள் அங்கே மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள், தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது. வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைத்தான் தீவு இன்றும் சுமக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரை எழுப்பிச் சதுப்பை வடித்துத் தோட்டம் போட்டார்கள். அதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே கடலோரத்தில் மீன் பிடித்து, நண்டு பிடித்து வாழ்ந்தவர்களின் பெயரைத் தீவுக்கு யாரும் வைக்கவில்லை. இன்று அவர்களுடைய கம்போங்குகள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கின்றன.

சுங்கை பும்பூன் கம்போங்கில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்த ஊர் இளைஞர். தோட்டத்தில் நம் ஆட்களோடு வேலை செய்தவராம். இறங்கியதும் "வாங்க, வாங்க, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாரே பார்க்கலாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

மோயாங் என்ற சொல்லை அவர்தான் விளக்கினார். மலாயிலும் அந்தச் சொல் உண்டு. பாட்டனுக்கு அப்பன், நம் வழக்கில் பூட்டன். செத்துப்போன பூட்டன், பூட்டி எல்லாரும் ஊரை விட்டுப் போய்விடவில்லை, மரத்திலும் ஆற்றிலும் கடலிலும் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களை அழைத்து நன்றி சொல்லி, சோறு போட்டு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்கு ஒரு மாதம் போல் கழித்து வருகிறது அந்த நாள். நாள்காட்டியைப் பார்த்துக் குறிப்பதில்லை. ஊர்ப் பெரியவரின் கனவில் முன்னோர் வந்து சொன்னால்தான் நாள் உறுதி. ஊருக்கு ஊர் நாள் வேறுபடும். பஸ் ஏற்பாடு செய்த எங்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்!

முன்னோருக்கென்று ஒரு சிறு வீடு இருக்கிறது. குருத்தோலையை மடித்துப் பூவாகவும் பறவையாகவும் பின்னித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் கல்யாணப் பந்தலில் தோரணம் கட்டுகிறோமே, அதைவிட நுணுக்கமான வேலை. உள்ளே படையல். சோறு, கோழி, வெற்றிலை, புகையிலை. குமஞ்சான் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கிறது. குடும்பம் குடும்பமாக உள்ளே போய்க் குனிந்து நிற்கிறார்கள். பெரியவர் அரிசி மாவு கரைத்த நீரைத் தொட்டுத் தடவி வாழ்த்துகிறார். நம் பிள்ளைகளில் ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், எங்க வீட்டுல முனியாண்டிக்குச் செய்யற மாதிரியே இருக்கு" என்றாள். வாசனையும் அதே வாசனைதான்.

பிறகு ஜோஓ ஆட்டம். நடுவே மண்ணைக் குவித்து ஒரு சிறு மேடு. அதைப் பூசுட் என்கிறார்கள். முன்னோர் வந்து தங்குமிடமாம் அது. மலாயில் பூசுட் என்றால் கறையான் புற்றும் ஆகும். புற்றைக் கண்டால் மஞ்சள் பூசிப் பாலூற்றுகிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் தோட்டக் கோயில்களில் எத்தனை ஒரு புற்றிலிருந்து தொடங்கியவை! மலையைத் தேடிக்கொண்டிருந்த அந்த மாணவன் மண் மேட்டைப் பார்த்ததும், "இதுதானா டீச்சர் மலை?" என்றான். "ஆமாம்பா, இதுதான்" என்றேன். வழிகாட்டி சிரித்துவிட்டார்.

மேட்டைச் சுற்றிப் பெண்கள் ஆடினார்கள். நிப்பா ஓலைப் பாவாடை, தலையில் ஓலைக் கிரீடம். மெதுவான ஆட்டம். கையை வீசுவதிலும் காலெடுத்து வைப்பதிலும் அவசரமே இல்லை. இடையில் மரமுகமூடி அணிந்த ஆண்கள் நுழைகிறார்கள். பறை போன்ற ஒரு கொட்டு, ஒரு சேகண்டி, தரையில் மூங்கிலைக் குத்தி எழுப்பும் தாளம், அவற்றோடு ஒரு வயலின். வயலின் எப்படி வந்தது என்று கேட்டான் ஒரு பையன். மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் வழியாக வந்ததாகச் சொல்கிறார்கள். நம் கருநாடக இசைக்குள்ளும் அது வெள்ளைக்காரரிடமிருந்து வந்து சேர்ந்ததுதானே!

அந்த முகமூடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை நீரே பாத்து என்ற சதுப்பு நில மரத்தில் செதுக்குகிறார்கள். சிவந்த, கடினமான மரம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மோயாங், ஒரு கதை. சங்கிலியில் பிணைத்த புலி ஒன்று செதுக்கி வைத்திருந்தார்கள். தனித்தனி வளையமாகத் தொங்கும் அந்தச் சங்கிலியும் ஒரே மரத்துண்டிலிருந்து செதுக்கியது. எங்குமே ஒட்டு இல்லை. நம் கோயில் யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பு புரியும். இப்போது நீரே பாத்து மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது. சதுப்பு குறையக் குறைய மரமும் குறைகிறது. மரம் போனால் முகமும் போய்விடும் என்கிற கவலை அங்கே இருக்கிறது.

இந்த இடத்தில் பெற்றோர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெங்கில் நமக்குப் பக்கத்து ஊர் போலத்தான். அங்கே புக்கிட் தம்போயில் தெமுவான் என்ற முதற்குடி மக்கள் இருக்கிறார்கள். 1995-இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக அவர்கள் நிலத்தில் ஏறத்தாழ 38 ஏக்கரை எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் காசு கொடுத்தார்கள். நிலத்துக்கு இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்களுடையது இல்லை என்று வாதம். சாகோங் தாசி என்ற பெரியவரும் உறவினரும் நீதிமன்றம் போனார்கள். 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. கடைசியில் 2010-இல் 65 லட்சம் வெள்ளி இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. பதினைந்து ஆண்டு!

அதே காலத்தில்தான் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசார் முதலிய தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் மக்கள் வீட்டையும் கோயிலையும் விட்டுவிட்டு அதே டெங்கிலுக்கு, அடுக்குமாடி வீடுகளுக்கு, வந்து சேர்ந்தார்கள். ஒரே வட்டாரம், ஒரே பத்தாண்டு. நிலம் போன இரண்டு கூட்டம். நாம் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் சாக்காய். அவர்களில் சிலர் நமக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இளைஞர் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டார்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். சுற்றுலா முடிந்த மறுநாள் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டும் என்று. நான் கட்டுரை கேட்கவில்லை. "உங்கள் பூட்டன், பூட்டி யாராவது ஒருவர் பெயரையும், அவர் இருந்த தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள்" என்றேன். 44 பேரில் எழுதியவர்கள் 11 பேர். மற்றவர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். "வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் இன்னும் சிலர் கொண்டு வந்தார்கள். ஒரு பிள்ளையின் பாட்டி சொல்லச் சொல்ல அது எழுதி வந்த தாள் என்னிடம் இருக்கிறது. பூட்டன் ரஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். அவரைப் புதைத்த இடம் இன்று வீடமைப்புத் திட்டம். எந்தத் தெரு என்று பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் நினைவில் இருந்தது ஒரு பால்மரம்தான். அந்த மரமும் இப்போது இல்லை.

மா மெரி பிள்ளை ஒன்றிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முகமூடியைக் காட்டியிருக்கும்.

மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. அனுப்பிய பெற்றோர்களுக்கும், பஸ் காசில் பாதியை ஏற்றுக்கொண்ட பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் நன்றி. பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டு பின்னிய ஓலைப் பறவைகள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் தொங்குகின்றன. காய்ந்து பழுப்பாகிவிட்டன, ஆனாலும் உருவம் மாறவில்லை. போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். பூட்டன் பெயர் எழுதும் தாள் இன்னும் வராத வீடுகள், பாட்டிமார்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, நான் திருத்திக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டும் போவதாக இருக்கிறோம். தேதி இப்போது சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பெரியவர் கனவு கண்டு சொல்ல வேண்டும். சொன்னதும் கடிதம் அனுப்புவோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.