பழைய வீட்டுக்குப் போடும் காசு

நடுவர் ஐயா, பழைய வீட்டுக்குச் செலவு செய்வது கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவுவது என்றார் எதிரணி நண்பர். நீங்கள் கை தட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, அந்த மாடு இன்னும் கறக்கிறதே!

சென்னையில் பழைய அடுக்கக மேல்மாடிக்காரரைக் கேளுங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்குக் கக்கும். ஃபேன் சுற்றும், அனல்தான் இறங்கும். உடனே ஏசியை வாங்கி 18-ல் வைப்பார். அது படுகிற பாடு அறையோடு இல்லை, ஐயா, தலைக்கு மேலே காய்கிற தளத்தோடு! பெயர்ந்த தட்டோட்டை எடுத்து, விரிசலை அடைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை ஓடு பதியுங்கள். அவ்வளவு காசு இல்லையா, வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். சூடு உள்ளே இறங்குவதே குறையும்.

நம் தாத்தாக்கள் மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துக் கெட்டித்த, வெயிலை எளிதில் உள்ளே விடாத தளம். அப்படிப்பட்ட வீட்டை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே ஏசி போட்டுக்கொள்வதுதான் முன்னேற்றமாம்!

கணக்கு எங்கே என்றார் எதிரணி அம்மா. இந்தாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30. நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனை மாற்றினால் 580 யூனிட் ஓடும் வீடு 460-க்கு வந்துவிடும். 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறுகிறது? கீழ்ப்படிகளிலும் விலை மாறுகிறது. பில் கட்டுகிறவர்கள் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் கட்டடத்தை இடியுங்கள், குறுக்கே நிற்க மாட்டேன். திடமாக நிற்பதை ஏன் இடிக்கிறீர்கள்? புதிதாகக் கட்ட சிமென்ட் வேண்டும்; உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் வருகிறது. புது வீட்டு வாசலில் 'பசுமை இல்லம்' என்று பலகை மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வாடகை வீட்டில் செலவு ஓனருக்கு, மிச்சம் குடியிருப்பவருக்கு. ஓனர் ஏன் செய்வார் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் வெயிலைத் தடுக்க விரிசலை அடைக்கிறோமே, அந்த வழியாகத்தான் மழைத்தண்ணீரும் இறங்கிக் கம்பியை அரிக்கிறது. கம்பி யாருடையது? எதிரணியில் எத்தனை பேர் வீட்டு ஓனர்கள் என்று நடுவர் கேட்டுச் சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.