தபாலாபீஸ் சுவரில் தொழிலாளி
(கலை இலக்கிய அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சர்க்கார் கட்டிடங்களில் சித்திரமும் சிலையும் வேண்டுமா? வேண்டும் என்பதே நமது பதில். அந்தச் சுவர்களில் யார் இடம் பெறுவது என்ற கேள்வியில்தான் தகராறு பிறக்கிறது. டாலர் ராஜ்யமான அமெரிக்காவிலேயே இதற்காக நடந்த ஒரு போராட்டத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

சான்பிரான்சிஸ்கோ துறைமுகப் பகுதியில் ரிங்கன் அனெக்ஸ் என்றொரு தபாலாபீஸ். அதன் சுவர்களில் கலிபோர்னியாவின் சரித்திரத்தை வரைய 1941-ல் சர்க்கார் போட்டி நடத்தியது. வென்றவர் அன்டன் ரெப்ரெஜியர் என்ற ஓவியர். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். யுத்தம் குறுக்கிட்டதால் 1946-ல்தான் தூரிகை எடுத்தார். 1948-ல் 27 சித்திரங்களை முடித்தார்.

அவர் தீட்டியது என்ன? தங்கம் தேடி வந்தவர்களைத் தீட்டினார். ரயில் பாதை போட்ட கூலிகளைத் தீட்டினார். அதோடு நிற்கவில்லை. சீனத் தொழிலாளரை வெறிக் கூட்டம் அடித்து நொறுக்கியதையும் தீட்டினார். பொய்ச் சாட்சியத்தால் 22 ஆண்டுகள் சிறையில் வாடிய தொழிற்சங்கவாதி டாம் மூனியின் வழக்கையும் தீட்டினார். 1934-ன் துறைமுக வேலைநிறுத்தத்தையும் தீட்டினார். அவ்வாண்டு ஜூலை 5-ம் தேதி போலீஸ் குண்டுக்கு இரண்டு தொழிலாளிகள் பலியானார்கள். நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கி நான்கு நாள் ஸ்தம்பித்தது.

பொறுப்பார்களா பிற்போக்காளர்கள்? முன்னாள் சிப்பாய்களின் சங்கம் ஒன்று கூச்சலிட்டது; வேலைநிறுத்தச் சித்திரத்தில் ஒருவன் அணிந்திருந்த அச்சங்கத்தின் தொப்பி அழிக்கப்பட்டது. அதிகாரிகளின் உத்தரவால் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உருவமும் போயிற்று! 1953-ல் ஸ்கடர் என்ற காங்கிரஸ் சபை அங்கத்தினர், சித்திரங்கள் முழுவதையும் அகற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். விசாரணை நடந்த நாள் எது தெரியுமா? மே 1!

ஆனால் ஓவியர் தனித்து நிற்கவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்தன; கலைஞர்கள் எழுந்தனர்; அந்நகரின் கலைக்கூடத் தலைவர்களும் துணை நின்றனர். தீர்மானம் தோற்றது. பின்னர் தபாலாபீஸ் மூடப்பட்டு, கட்டிடத்துக்கே ஆபத்து வந்தபோதும் மக்கள் விடவில்லை. 1979-ல் அது தேசியச் சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. சித்திரங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

தோழர்களே! நமது சென்னைக் கடற்கரையிலும், 1959 முதல், தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த நான்கு உழைப்பாளிகள் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். கடற்கரையில் நிற்கும் அந்த உழைப்பாளி, தாலுகா ஆபீசின் சுவரிலும், கலெக்டர் ஆபீசின் கூடத்திலும் நின்றால் என்ன? அங்கே மனுவோடு காத்து நிற்பவர்கள் அவனுடைய சொந்தக்காரர்கள்தானே!

அந்தச் சுவர்களை எழுப்பியது கொத்தனாரும் சித்தாளும். அதற்கான பணம் ஏழை வாங்கும் தீப்பெட்டியிலிருந்துகூட வரியாக வந்தது. ஆகவே, பொதுப்பணத்தில் அமையும் சித்திரத்தையும் சிலையையும் மக்களறியத் தேர்ந்தெடுக்க வேண்டும். மந்திரி மாறினால் படமும் மாறும் வழக்கம் ஒழிய வேண்டும். கலைஞனுக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்று கோருவோம். ரிங்கன் அனெக்ஸ் சுவரைக் காத்தது மக்களின் ஒற்றுமை. நம் சுவர்களையும் அதுவே காக்கும்.