கற்ற கையும் கலங்காத மனமும்



இன்று பட்டதாரிகளாக எழுந்து நிற்கும் அன்புச் செவிலியர்களே, இந்த வட்டாரத்துப் பல்கலைக்கழகங்கள் உங்களுக்கு ஜெர்மன் மொழியில் பட்டம் தந்துவிட்டன. அந்தப் பட்டத்தை நம் தமிழில் வாழ்த்தி மகிழவே ஜெர்மனியின் வால்டோர்ஃபில் கூடியிருக்கிறோம். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வால்டோர்ஃப் என்றால் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம்தான் தெரியும். இந்த ஊருக்கு அதைவிடப் பழைய பெருமை ஒன்று உண்டு. 1763-இல் இங்கே ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, அமெரிக்கா போய்ப் பெருஞ்செல்வரானவர் யோஹான் யாக்கோப் ஆஸ்டர். பிறந்த ஊரின் ஏழைகளுக்கென்று அவர் உயிலில் 50,000 டாலர் எழுதிவைத்தார். நோயாளிகளையும் இயலாதவர்களையும் பேண வேண்டும், இளையோருக்குக் கல்வி தர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1854-இல் திறக்கப்பட்ட ஆஸ்டர் இல்லம் அந்தப் பணத்தில் எழுந்தது. நோயுற்றவரைப் பேணுவதும் பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் ஒரே அறமாகக் கருதப்பட்ட ஊர் இது. உங்களை வாழ்த்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்று நான் உங்கள் நம்பிக்கையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். உங்களில் சிலர் திருநீறு பூசிக்கொண்டு நைட் டியூட்டிக்குப் போனீர்கள். சிலர் சீருடைப் பையில் ஜெபமாலை வைத்திருந்தீர்கள். சிலர் நோன்பு நாளிலும் வார்டில் நின்றீர்கள். எந்தச் சாமியையும் கும்பிடாமல், மனிதரை மட்டும் நம்பி வந்தவர்களும் உங்களில் உண்டு. எல்லாருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம்பிக்கை உங்களைப் படிக்கவைக்க வேண்டும். படிப்பு உங்களைத் துணியவைக்க வேண்டும்.

முதலாவதற்குச் சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1890-களின் தொடக்கம், திண்டிவனம். மிஷன் மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர், உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடுவதை அந்த வீடுகளின் வழக்கம் ஏற்கவில்லை. ஐடா பெண்தான். ஆனால் மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த இரவில் ஐடாவிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை, இறைநம்பிக்கைக்கும் குறைவில்லை. இல்லாதது படிப்பு. அதனால் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி வந்தது. 1946-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியாவில் செவிலியத்துக்குப் பட்டம் தந்த முதல் இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, மற்றொன்று டெல்லி. தனக்குத் தெரியாததைக் கற்றாக வேண்டும் என்று ஒரு பெண்ணை எழுப்பி அனுப்பியதே, அதைத்தான் நான் நம்பிக்கை என்கிறேன்.

இந்த நாட்டுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. கடவுள் தன்னை அழைத்ததாகப் பதினாறு வயதில் உணர்ந்த ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், 1851-இல் டுஸல்டோர்ஃபுக்கு அருகே கைசர்ஸ்வெர்த்தில் இருந்த சபைச் சகோதரிகளிடம் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். பிற்பாடு கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தைவிட நோயாலேயே அதிகம் மடிந்தார்கள் என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் அரசுக்கு எடுத்துக்காட்டினார். அவர் கையில் விளக்கு இருந்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. கணக்கேடும் இருந்ததை நீங்கள் நினைவில் வையுங்கள். மருந்தளவைக் கணக்கிட்டு ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கும் செவிலியர், பிரார்த்தனைக்குக் குறைந்த எதையும் செய்யவில்லை.

நீங்கள் படித்த படிப்பு எளிதானதல்ல. 2020-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் செவிலியச் சட்டம் பல்கலைக்கழக மாணவர்களிடம் 4,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பைக் கேட்கிறது. அதில் 2,300 மணி நேரமாவது நோயாளிகளின் அருகில் கழிய வேண்டும். ஒருவருக்கு என்ன பராமரிப்பு தேவை என்று கணிப்பதையும், அதை ஒழுங்குபடுத்துவதையும், அதன் தரத்தைக் காப்பதையும் தகுதி பெற்ற செவிலியர் மட்டுமே செய்யலாம் என்று அதே சட்டம் வரையறுத்திருக்கிறது. மருத்துவர் சொன்னதைச் செய்வது மட்டுமே நர்ஸ் வேலை என்று இனி உங்களிடம் யாராவது சொன்னால், அமைதியாகத் திருத்துங்கள்.

படிப்போடு சேர்ந்து நீங்களும் வளர்ந்தீர்கள். ஜெர்மன் மொழியின் பி2 தேர்வில் தேறியவர்கள்கூட, முதல் நாள் வார்டில் முதியவர்களின் வட்டாரப் பேச்சு புரியாமல் விழித்திருப்பீர்கள். பிறகு அதே தாத்தா பாட்டிகளே உங்களுக்கு மொழி கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் இறந்ததும் அறையின் ஜன்னலைத் திறந்துவிடும் இந்த ஊர் வழக்கத்தைப் பார்த்தீர்கள். நம் வீடுகளில் தலைமாட்டில் விளக்கேற்றுவதை நினைத்துக்கொண்டீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே மரியாதை என்று உங்களுக்கு விளங்கியது.

இன்னொரு வளர்ச்சியையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் உடலைக் கழுவுவதையும் மலம் துடைப்பதையும் தீட்டு என்று சொல்லிவைத்த சமூகம் நம்முடையது. அந்த வேலைகளைச் சில சாதிகளின் தலையில் சுமத்திவிட்டு, மற்றவர்கள் விலகி நின்றார்கள். அதே காரணத்தால் செவிலியர் வேலையைத் தாழ்வாகப் பார்த்த குடும்பங்களும் நம்மில் ஏராளம். நீங்கள் கையுறை மாட்டிக்கொண்டு, முன்பின் அறியாத ஒரு முதியவரின் உடலை முகம் சுளிக்காமல் சுத்தம் செய்தபோது, பல தலைமுறைப் பொய் ஒன்றை உடைத்தீர்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இதைச் செய்தார்கள் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

படிப்பு உங்களைத் துணியவைக்க வேண்டும் என்றேனே, இனி அந்த இரண்டாவதற்கு வருகிறேன். இங்கிருந்து அடுத்த ஊர் வீஸ்லோக். ரயில் நிலையத்துக்கே இரண்டு ஊர்களின் பெயரும் சேர்ந்து இருக்கிறது. அங்கே 1905-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. 1940-இல் அங்கிருந்து நோயாளிகள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, கிராஃபெனெக் என்ற இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அந்த ஒரே ஆண்டில், பல மருத்துவமனைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 10,654 பேர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டார்கள். வாழத் தகுதியற்றவர்கள் என்று நாஜி அரசு அவர்களுக்கு முத்திரை குத்தியிருந்தது. அந்தக் கொலைத் திட்டத்தில் படிவம் நிரப்பியவர்களும், நோயாளிகளைப் பயணத்துக்குத் தயார் செய்தவர்களும், கூடப் போனவர்களும் பயிற்சி பெற்ற மருத்துவர்கள், செவிலியர்கள். கை பழகியிருந்தது, மனம் எழவில்லை.

எழுந்தவர்களும் இருந்தார்கள். இதே மாநிலத்தின் கோனிக்ஸெக்வால்டில் பிறந்த அன்னா பெர்த்தா கோனிக்ஸெக், சால்ஸ்பர்க்கில் நோயாளிகளைப் பேணிய கத்தோலிக்கச் சகோதரிகளின் தலைவி. 1940-இல் அவர் அரசுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். நோயாளிகளை ஏற்றி அனுப்பும் வேலையில் எந்த உதவியும் செய்யக் கூடாது என்று தம் சகோதரிகளுக்குக் கட்டளையிட்டார். ரகசியப் போலீஸ் அவரை இருமுறை கைது செய்தது. அவர் பின்வாங்கவில்லை. என் பொறுப்பில் இருப்பவரைக் கைவிட மாட்டேன் என்று நின்றவர் அவர். நம்பிக்கை என்பது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், நான் அவர் பெயரைச் சொல்வேன்.

உங்களுக்கு வரும் சோதனைகள் அத்தனை கொடியவையாக இருக்காது. ஒரு மருந்துச் சீட்டில் அளவு தவறாகத் தோன்றும்; பெரிய மருத்துவரிடம் கேட்கத் தயங்குவீர்கள். கேளுங்கள். மறதிநோய் உள்ள பாட்டியிடம் யாரோ குரலை உயர்த்துவார். பார்க்காததுபோல் போகத் தோன்றும். நில்லுங்கள். ஆள் பற்றாக்குறையால் நோயாளிக்கு ஆபத்து வருமானால், எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தோல் நிறத்தையோ உச்சரிப்பையோ யாராவது இழிவுபடுத்தினால், தனியாகச் சுமக்காதீர்கள். சக ஊழியர்களிடமும் நிர்வாகத்திடமும் பேசுங்கள்.

உங்கள் நம்பிக்கையை நோயாளியின் மேல் சுமத்தவும் வேண்டாம். கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்ற இரு பெரிய சபைகளின் உறுப்பினர்கள் சேர்ந்தும் 2022-இலேயே இந்த நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். கடைசி நேரத்தில் ஒருவர் பாதிரியாரைக் கேட்பார், ஒருவர் இமாமைக் கேட்பார், ஒருவர் யாரும் வேண்டாம் என்பார். அவர் கேட்டதைக் கொடுப்பதே உங்கள் வழிபாடு.

அன்புச் செவிலியர்களே, இந்தப் பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். மேற்படிப்புக்குப் போங்கள், ஆராய்ச்சி செய்யுங்கள். அடுத்த ஆண்டு ஊரிலிருந்து வந்து இறங்கும் தங்கைக்கும் தம்பிக்கும் வீடு தேடிக்கொடுங்கள், மொழி சொல்லிக்கொடுங்கள். உங்கள் உடம்பையும் உறக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். களைத்த கண் தவறைக் காணாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த உண்மையைச் சொல்ல யாருக்கும் அஞ்சாதீர்கள். நோயில் கிடக்கும் எவருக்கும் உங்கள் வருகையே பாதி ஆறுதலாக அமையட்டும். நீங்கள் நலமாக, நெடுங்காலம், பெருமையோடு பணி செய்ய மனமார வாழ்த்துகிறேன்.