மிஞ்சிய மழைநீருக்கு ஒரு வழி

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஐப்பசியில் அடைமழை பிடித்தால், கரிசல் காட்டு மக்காச்சோளக் கொல்லையில் தண்ணீர் கட்டி நிற்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்த மண், ஈரம் பட்டதும் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன்பின் தண்ணீர் கீழே இறங்காது. வேருக்குக் காற்று கிடைக்காமல் பயிர் மஞ்சளிக்கும். போட்ட யூரியாவின் தழைச்சத்தும் ஓரளவு வாயுவாகிப் போய்விடும். சின்ன வெங்காயமோ அழுகிவிடும்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம், கரிசல் நிலத்துக்கென்றே ஒரு முறையை வகுத்தது. அகலமான மேட்டுப்பாத்தி, பக்கத்தில் ஒரு சால். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் அகலம். லேசான சரிவில் அமைத்தால் பாத்தியில் ஈரம் தங்கும். மிஞ்சிய தண்ணீர் மண்ணை அரிக்காமல், சால் வழியே பண்ணைக்குட்டைக்குப் போகும். பின்னால் மழை பொய்த்தால், அந்தத் தண்ணீர்தான் பயிரைக் காக்கும்.

குட்டையும் நிரம்பினால் அடுத்தது ஏரி. ராஜேந்திர சோழன் சோழகங்கம் ஏரியை வெட்டியது அரியலூர் மண்ணில்தான். 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரியும் அங்கேதான் இருக்கிறது. வாய்க்கால் தூர்ந்தால் வயலும் கெடும், ஏரியும் காயும். உரம் மிகுந்தால் வடியும் தண்ணீர் ஏரியையே கெடுக்கும்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, புரட்டாசி முடிவதற்குள் கொல்லையோர வாய்க்காலைத் தூர்வாருங்கள். உரத்தை அளவாக இடுங்கள். தண்ணீர் வடியும் பாதை பற்றிப் பக்கத்துக் கொல்லைக்காரரோடும் கலந்து பேசுங்கள்.