குடிவழிப் படத்தில் பெண்மக்கள்

குடும்ப வரலாறும் நில உரிமையும் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

திருப்பூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பனியன். ஆனால் நிட்டிங் மெஷின் ஓடுகிற கட்டடங்களில் எத்தனையோ ஒரு காலத்தில் யாருடைய காடாகவோ தோட்டமாகவோ இருந்தவை. அந்தக் காடு யாருடைய பெயரில் இருந்தது, யாருக்குப் போனது, யார் கையெழுத்துப் போட்டு விலகினார்கள் என்று கேட்டால்தான் இந்த ஊரின் தொழில் வரலாறு முழுமையாகும்.

நம்மிடம் சான்றுகளுக்குக் குறைவில்லை. ஈரோடு புலவர் செ. இராசு கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் பட்டயங்களையும் ஊர் ஊராகத் தேடித் திரட்டிப் பதிப்பித்தார். காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் 1960களில் தங்கிக் களப்பணி செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கின் உறவுமுறையையும் சாதியமைப்பையும் 1972இல் நூலாக வெளியிட்டார். அண்ணன்மார் கதையைப் பாடக் கேட்டுப் பதிவு செய்தவரும் அவரே. அந்தக் கதையே ஒரு வாரிசுக் கதைதான். நிலம், பங்காளிப் பகை, பிள்ளையில்லாக் குறை, தவமிருந்து பெற்ற ஆண்மக்கள் என்று மூன்று தலைமுறைக் குடும்ப வழக்கைக் கொங்கு மக்கள் இரவிரவாகக் கூத்தாகக் கண்டிருக்கிறார்கள்.

நிலவுடைமைக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுவது உலகெங்கும் உள்ள ஆர்வம். அமெரிக்காவில் வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பெருநிலக்காரர் உயில் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குப் போனது. ஜெஃபர்சன் முன்னின்று செய்த சட்டச் சீர்திருத்தத்தில் 1785இல்தான் அந்த முறைக்கு முடிவு வந்தது. நம் இந்துச் சட்டத்தின் மிதாட்சர மரபு வேறு. மகன்கள் எல்லோருக்கும் பிறப்பிலேயே சமபங்கு. மகளுக்கு நகையும் சீரும். அங்கே தம்பிகளுக்கு நிலமில்லை, இங்கே தங்கைகளுக்கு நிலமில்லை.

ஆயினும் அந்த நாளிலும் மகளின் வாய் முழுக்க அடைக்கப்படவில்லை. சிவகங்கையைப் பாருங்கள். 1801இல் கிழக்கிந்தியக் கும்பினி ஜமீன்தாராக ஏற்றுக்கொண்ட கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய அண்ணன் வழியினர் ஜமீனைக் கைக்கொண்டார்கள். வழக்கு தலைமுறை தாண்டி ஓடியது. 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில், தந்தை தனியாகத் தேடிய சொத்து பங்காளிகளுக்குப் போகாது என்று சொல்லி, மகள் காத்தம நாச்சியாருக்கு உரிமை அளித்தது.

159 ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டிலிருந்து போன அதே கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு. ஒருவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்குகிறார். 1949இல் இறக்கிறார். ஒரே மகள். அந்த மகள் 1967இல் பிள்ளையில்லாமல் இறக்கிறார். நிலம் முழுவதும் தந்தையின் அண்ணன் தம்பி வழியில் வந்த ஆணுக்கே என்று ஒரு தரப்பு சொன்னது. அவருடன் பிறந்த பெண்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டு 1991இல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 2022 ஜனவரி 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு முன்பும் தந்தையின் தனிச் சொத்து மகளுக்கே சேரும்; அவருக்குப் பின் தந்தையின் வாரிசுகளான அந்த உடன்பிறந்தோர் ஐவருக்கும் ஆண், பெண் பேதமின்றிச் சமபங்கு. நீதிபதிகள் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகளில் சிவகங்கை வழக்கும் ஒன்று.

இடைப்பட்ட சட்டங்கள் உங்களுக்குத் தெரிந்தவை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவணரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது.

சட்டம் கொடுத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருப்பிக் கொடுப்பதும் நடக்கிறது. ஒரு விடுதலைப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். கலியாணத்துக்கு நகையும் சீரும் பெற்றுக்கொண்டதாகவும், இனி சொத்தில் பாத்தியதை ஏதும் இல்லை என்றும் எழுதியிருக்கும். கீழே அக்கா தங்கைகளின் கையெழுத்தோ கைரேகையோ இருக்கும். அதற்குப் பிறகு பட்டாவில் அண்ணன் தம்பி பெயர் மட்டும். வில்லங்கச் சான்றில் ஒரே வரி. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரில் அச்சாகும் குடிவழிப் படத்திலோ அந்த ஒரு வரிகூட இருப்பதில்லை.

இதற்கும் பனியன் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல், கிராமத்திலிருந்து கூலிக்கு வந்த கவுண்டர் இளைஞர்கள் கம்பெனி முதலாளிகளாக உயர்ந்த கதையை விரிவாகச் சொல்கிறது. உழைப்பைச் சொல்லியே தங்கள் உயர்வை அவர்கள் விளக்கினார்கள் என்பது அவர் கண்டது. உழைப்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் தம்பியும் மச்சானும் கூட்டாளிகளாகச் சேர்ந்து முதல் போட்டபோது, அந்த முதலில் சகோதரியின் விலகிய பங்கு எவ்வளவு, மனைவி கொண்டுவந்த நகை எவ்வளவு என்ற கணக்கை எனக்குத் தெரிந்து யாரும் இன்னும் முறையாக எழுதவில்லை. அந்தக் கணக்குத்தான் இந்தக் கருத்தரங்கின் வேலை.

மூன்று பணிகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஆவணங்களை இணைத்துப் படிப்பது. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. ஒரே குடும்பத்தின் பழைய தாள்களுக்காக இரண்டு, மூன்று ஊர் அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். இரண்டாவது, கையெழுத்துப் போட்ட பெண்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. மூன்றாவது, பத்திரமே இல்லாதவர்களையும் சேர்ப்பது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காடுகளில் பண்ணையாளாகப் பாடுபட்ட மாதாரி சாதியினருக்குப் பட்டாவும் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை. பத்திரத்தை மட்டும் நம்பி எழுதும் வரலாறு அவர்களை இரண்டாம் முறையாக நிலத்தைவிட்டு வெளியேற்றிவிடும்.

இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் கட்டுரையில் ஒரு குடிவழிப் படம் இருந்தால், அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்மக்கள் பெயரைத் தேடி நிரப்புங்கள். கிடைக்காத இடத்தைக் காலியாக விட்டு, கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.